எட்டிக்கொட்டையும் நக்ஸ் வாமிகாவும்

(திரையில்: உள்ளங்கையில் நான்கைந்து எட்டிக்கொட்டைகள்)

வணக்கம். கையில் இருப்பதை நன்றாகப் பாருங்கள். சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, தட்டையாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது; விரலால் தடவினால் பட்டுத்துணி போல வழுக்கும், ஏனென்றால் தோல் முழுக்க நுண்ணிய மயிர் படிந்திருக்கிறது. இதுதான் எட்டிக்கொட்டை. ஹோமியோபதிக் கடையில் சர்க்கரை உருண்டையாக வாங்குகிறோமே நக்ஸ் வாமிகா, அதன் மூலப்பொருள் இதே கொட்டைதான்.

எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று நம் ஊரில் சொல்வார்கள். பழம் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று தொங்கும், ஆனால் யாரும் பறிப்பதில்லை. கொட்டைக்குள் ஸ்ட்ரிக்னைன், புரூசின் என்று இரண்டு கசப்பான நஞ்சுகள். நம் தசைகள் அளவுக்கு மீறி இறுகாமல் தண்டுவடத்தில் ஒரு பிரேக் இருக்கிறது, ஸ்ட்ரிக்னைன் அந்தப் பிரேக்கையே பிடுங்கிவிடும். அப்புறம் ஒரு சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும்.

இவ்வளவு கொடியதை ஏன் மருந்தாக்கினார்கள்? சித்த மருத்துவத்தில் இதை நேரடியாகத் தொடவே மாட்டார்கள். முதலில் சுத்தி செய்ய வேண்டும்: கோமூத்திரம், பால், நெய் என்று ஊறவைத்தோ வேகவைத்தோ வறுத்தோ நஞ்சின் வேகத்தைக் குறைத்த பிறகே வாதம், நரம்புத் தளர்ச்சி, மூட்டுவலி மருந்துகளில் சேர்ப்பார்கள். ஆயுர்வேதத்தில் இதற்குக் குபீலு என்று பெயர், அங்கேயும் அதே கவனம். ஐரோப்பாவுக்குப் போன கொட்டை முதலில் எலி கொல்லத்தான் பயன்பட்டது, பிறகு பசியைத் தூண்டும் கசப்பு டானிக்காக மருந்துக்கடை ஏறியது. 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் தள்ளாடியபோது கூட இருந்தவர்கள் ஸ்ட்ரிக்னைனும் பிராந்தியும் முட்டை வெள்ளைக்கருவும் கொடுத்தே ஓடவைத்தார்கள். அவர்தான் ஜெயித்தார், ஆனால் முடிவுக்கோட்டில் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

(திரையில்: சர்க்கரை உருண்டைகள் நிறைந்த சின்ன பாட்டில்)

சரி, ஹோமியோபதிக்கு வருவோம். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் 1811-இல் வெளியிட்ட மருந்து நூலின் முதல் தொகுதியிலேயே நக்ஸ் வாமிகா இருக்கிறது. உட்கார்ந்தே வேலை, ஓயாத காபி, காரமும் மதுவும், ராத்திரி கண்விழிப்பு, சட்டென்று கோபம், கொஞ்சம் குளிரையும் தாங்காத உடம்பு, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காதது: இப்படிப்பட்டவருக்கு வரும் அஜீரணம், நெஞ்செரிச்சல், போக வேண்டும் போலவே இருந்தும் சரியாகப் போகாத மலச்சிக்கல், குடித்த மறுநாள் தலைவலி ஆகியவற்றுக்கு இதைத்தான் அந்த மரபில் எடுப்பார்கள். ஒரு மனிதரின் அன்றாடத்தையே இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்து எழுதிவைத்த விதம் எனக்கு உண்மையாகவே பிடிக்கும்.

ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. பாட்டிலில் 30 சி என்று போட்டிருந்தால், மூலச் சாற்றின் ஒரு துளிக்கு 99 துளி தண்ணீரோ ஆல்கஹாலோ கலந்து, அதில் ஒரு துளி எடுத்து மறுபடி 99, இப்படி முப்பது தடவை. பன்னிரண்டு தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-இல் ஆய்வுகளை அலசிப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே சொன்னது. அதனால் நெஞ்செரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ உருண்டையை நம்பி நாள் கடத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில். உருண்டையில் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் சிலர் மதர் டிங்சரை, அதாவது உருண்டைக்கு முந்தைய மூலச் சாற்றை, தாங்களாகவே சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறார்கள். அது நீர்த்தது அல்ல, அதில் ஸ்ட்ரிக்னைன் நிஜமாகவே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சுத்தி செய்யாத கொட்டையும் அப்படித்தான். குழந்தை கைக்கு எட்டும் டப்பாவில் வைக்கவே வைக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சத்தமும் வெளிச்சமும் குறைந்த இடத்தில் படுக்கவைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சக் கொட்டையையும் பாட்டிலையும் மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.