பாடுவது டீச்சராக இருக்கட்டும், டி.வி. வேண்டாம்

(பட்டிமன்றத் தலைப்பு: மழலையர் வகுப்பில் பாட்டும் ஆட்டமும் சிறப்பது ஆசிரியரின் குரலாலா, திரைப் பாட்டாலா? 'ஆசிரியரின் குரலாலே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொல்லி அமர்ந்திருக்கிறார். திரைப் பாட்டில் சுருதி பிசகாது. எல்லா டீச்சருக்கும் பாட வராது. இருபது பிள்ளைகளை ஒரே ஆள் ஆடவைக்க டி.வி. கைகொடுக்கும். மூன்றுக்கும் பதில் வருகிறது. முதலில் அவர் தொடாமல் விட்ட ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: வேகம்.

உங்களுக்குத் தோன்றியபடி சீராகத் தட்டுங்கள் என்று பெரியவர்களிடம் சொன்னால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு விழும். நாலு வயதுப் பிள்ளை 120-ஐத் தாண்டி ஓடும். நம் வேகத்துக்கு இறங்கி வா என்றால் அந்த வயதில் வராது. அதனால் தாளம் பிள்ளையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளைகள் முதலில் நடக்கட்டும். அந்தக் காலடிக்கு டீச்சர் ஒரு பறையையோ கவிழ்த்த வாளியையோ தட்டட்டும். இரண்டும் சேர்ந்த பிறகு பாட்டை அதன்மேல் ஏற்றட்டும். பதிவு செய்த பாட்டு இதைச் செய்யுமா, நடுவர் அவர்களே? அது யாருக்காகவும் காத்திருக்காதே!

மூன்று வயதுக் குழந்தையைத் திரைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். 'கையைத் தூக்கு' என்கிறது பாட்டு. அது காதில் விழுந்து, புரிந்து, கை எழும்ப இரண்டு மூன்று வினாடி ஆகும். அதற்குள் பாட்டு 'குனி, நிமிர்' என்று போய்விடுகிறது. எழும்பிய கை தோள் உயரத்திலேயே நிற்கிறது. அடுத்த வரியில் கையும் இறங்கிவிடும், கண் மட்டும் திரையில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3, 4 வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது. உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. திரைக்கு முன் நின்று பார்ப்பதை ஆட்டக் கணக்கில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. இந்தச் சின்ன வயதில் பாடுவதும் ஆடுவதும் சேர்ந்து வராது. ஆடினால் வாய் நிற்கும், பாடினால் கால் நிற்கும். வரி வரியாகப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துக் கையோடு அபிநயமும் கேட்கிறார்களே, அங்கேதான் பல வகுப்புகள் சறுக்குகின்றன. முதல் இரண்டு மூன்று நாள் டீச்சர் முழுப் பாட்டையும் பாடட்டும், பிள்ளைகள் கேட்டால் போதும். அப்புறம் ஒரே ஓர் அசைவு. அது படிந்ததும் அடுத்தது. சொற்கள் கடைசியில். வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு டீச்சர் வாயை மூடினால் பிள்ளைகள் தாமாகவே அதை நிரப்புவார்கள். எந்தப் பிள்ளை நிரப்பவில்லை, யாருக்குக் காது கேட்பதில் ஐயம் என்பதும் அந்த இடைவெளியில்தான் தெரியவரும். ஒலிபெருக்கி அலறும் அறையில் எதைக் கண்டுபிடிப்பது?

நில்–போ ஆட்டத்தைப் பாருங்கள். தட்டும்போது நடை, தட்டு நின்றால் சிலை. எட்டு எண்ணிக்கைக்கு ஒரு முறை நிறுத்தினால் பிள்ளை கணக்கைப் பிடித்துக்கொள்ளும், தன்னை அடக்கிக்கொள்ளும் பயிற்சி போய்விடும். முகத்தைப் பார்த்து, எதிர்பாராத இடத்தில் நிறுத்த வேண்டும். ஒற்றைக் காலில் குதிப்பது 4 வயதையொட்டித்தான் வரும். கால் மாற்றித் துள்ளி ஓடுவது 5 வயதுவாக்கில். 3 வயதுப் பிள்ளையிடம் கேட்டால் விழும், இல்லையென்றால் ஒதுங்கிப் போய் உட்காரும். எதிரே யார் நிற்கிறார்கள் என்பது டீச்சருக்குத்தானே தெரியும்! எதிரே நின்று 'வலது கை' என்று சொல்லும்போது டீச்சர் தன் இடது கையைத் தூக்க வேண்டும். பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் செய்யும்.

இருபது பேர், ஒரே டீச்சர் என்றார்கள். பத்துப் பேரைச் சுவரோரம் உட்காரவைத்துத் தட்டச் சொல்லுங்கள், பத்துப் பேர் நடக்கட்டும், பிறகு மாற்றுங்கள். தரையில் ஆளுக்கொரு சுண்ணாம்புக்கட்டி வட்டம், கை நீட்டினால் அடுத்தவர்மேல் படாத தூரத்தில். சிமெண்டுத் தரையானால் வெறுங்கால், சாக்ஸ் வழுக்கும். குலுக்குவதற்கு 200 மில்லி பாட்டிலில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். நிறைத்தால் ஓசை அடங்கிவிடும், அரிசி போட்டால் வண்டு வைக்கும். மூடியைப் பசை போட்டு இறுக்கி டேப் சுற்றாவிட்டால் கொட்டை வாய்க்குள் போய்த் தொண்டையில் சிக்கும். குன்றிமணி வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. என்ன செய்யவேண்டும் என்று சொல்லி முடித்த பிறகே பாட்டிலைக் கையில் கொடுங்கள். முன்பே கொடுத்தால் உங்கள் பேச்சு எடுபடாது. மொத்தம் 15, 20 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கடைசி மூன்று நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து உட்காரவைத்து முடியுங்கள். துள்ளலில் முடித்தால் அடுத்த அரை மணிக்கு வகுப்பு கைக்கு அடங்காது.

இப்போது சுருதிக்கும் 'பாட வராது' என்பதற்கும் வருகிறேன். இந்த வயதுக் குரலுக்கு வசதியான எல்லை ஐந்து சுரம்தான். ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில், அதாவது நடுப் பகுதியில், 2 கட்டையிலிருந்து (இரண்டாம் வெள்ளைக் கட்டை) 6 கட்டைக்குள் (ஆறாவது) அடங்கும். சினிமா மெட்டு அதைத் தாண்டி மேலும் கீழும் ஓடும், பிள்ளை பின்னால் ஓட முடியாமல் கத்தும். டீச்சர் தம் குரலுக்கு வசதியாகக் கீழே பாடினாலும் சிக்கல்தான், பிள்ளைகள் பாட்டை விட்டுப் பேச்சுக் குரலில் ஒப்பிப்பார்கள். அப்படி ஒப்பித்தால் சுருதியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அவ்வளவே. ஐந்து சுரப் பாட்டுக்குப் பெரிய சங்கீத ஞானம் எதற்கு? எதிரணி மெச்சும் பதிவுகளை டீச்சர் வீட்டிலேயே கேட்டு மெட்டைப் பழகிக்கொள்ளட்டும். வகுப்புக்குள் வரும்போது செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.