மோனோரயிலும் எழுபத்தாறு டிராம்போன்களும்

வணக்கம் நேயர்களே. இன்று ஊரார் காதில் பூச்சுற்றிய இரண்டு பேரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒருவர் மேடையில், மற்றவர் கார்ட்டூனில்.

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் 1993 ஜனவரியில் மோனோரயில், அதாவது ஒற்றைத் தண்டவாள ரயில், பற்றிய அத்தியாயம் வந்தது. எழுதியவர் கோனன் ஓ'பிரையன். ஸ்பிரிங்ஃபீல்டு ஊருக்கு 30 லட்சம் டாலர் அபராதப் பணம் கிடைக்கிறது. ஊர்க்கூட்டத்தில், விரிசல் விட்டுக் கிடக்கும் மெயின் ரோட்டைச் சரி செய்யலாம் என்கிறாள் தொடரின் குடும்பத்தலைவி மார்ஜ். எல்லாரும் சம்மதிக்கப்போகும் நேரத்தில் பின்னால் ஒரு விசில். மோனோரயில் விற்க வந்த லைல் லான்லி எழுந்து வருகிறான். ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஊரே மோனோரயில் வாங்கச் சம்மதித்துவிடுகிறது.

அந்தப் பாட்டின் பாணி எங்கிருந்து வந்தது? 1957 டிசம்பரில் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் அரங்கேறிய 'தி மியூசிக் மேன்' என்ற இசை நாடகத்திலிருந்து. வசனம், பாடல், இசை எல்லாம் மெரிடித் வில்சன். அயோவா மாநிலத்துக்காரர், இளம் வயதில் அணிவகுப்பு இசைக்குப் பெயர்போன சூசாவின் பேண்டில் புல்லாங்குழல் வாசித்தவர். நாடகத்தில் ஹெரால்டு ஹில் என்பவன் 1912இல் ஒரு சிற்றூருக்கு வருகிறான். பையன்களுக்குப் பேண்டு வாத்தியங்களும் சீருடையும் விற்றுப் பணத்தோடு கம்பி நீட்டுவதுதான் திட்டம். அவனுக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது!

இரண்டு பேரும் பாடுவது பாதி பாட்டு, பாதி பேச்சு. ஆனால் தூண்டில் வேறு. ஹில் பயமுறுத்துகிறான்: ஊருக்குள் பூல் மேசை (பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டத்துக்கானது) வந்துவிட்டது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று. லான்லி பொறாமையைக் கிளறுகிறான்: இது உங்களுக்குச் சரிவராது, பக்கத்து ஊர் ஷெல்பிவில்லுக்குத்தான் பொருந்தும் என்கிறான். எனக்கென்னவோ லான்லிதான் கெட்டிக்கார வியாபாரி என்று தோன்றுகிறது.

வில்சனின் கைவண்ணத்துக்கு ஒன்று சொல்கிறேன். நாடகம் ரயில் பெட்டிக்குள் தொடங்குகிறது. விற்பனையாளர்கள் பேசும் பேச்சே ரயிலின் தடதடப்பாகிறது; வாத்தியமே இல்லை. அப்புறம், கதாநாயகி மரியன் பாடும் தாலாட்டு போன்ற ஒரு பாட்டும், எழுபத்தாறு டிராம்போன்கள் (ஊதும் பித்தளை வாத்தியம்) பற்றி ஹில் பாடும் அணிவகுப்புப் பாட்டும் ஒரே மெட்டுதான். ஒன்று மூன்றெண்ணி மெல்ல ஆடுகிறது, மற்றது கால் மிதித்து நடக்கிறது. இவர்கள் சேரப்போகிறார்கள் என்று மெட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இதே நாடகத்தின் காதல் பாட்டு ஒன்றை 1963இல் பீட்டில்ஸ் குழு பதிவு செய்தது. பாடியவர் பால் மெக்கார்ட்னி.

அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியில், சிறந்த இசை நாடகத்துக்கான போட்டியில் 'தி மியூசிக் மேன்' இன்னொரு புகழ்பெற்ற இசை நாடகமான 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யையே தோற்கடித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் சண்டை போடலாம்.

கார்ட்டூன் பக்கம் ஒரு வேடிக்கை. சிறப்பு விருந்தினராக முதலில் அழைக்கப்பட்டவர் 'ஸ்டார் டிரெக்' நடிகர் ஜார்ஜ் டக்கே. அவர் தெற்குக் கலிபோர்னியாவின் பொதுப் போக்குவரத்து வாரியத்தில் இருந்தவர். பொதுப் போக்குவரத்தைக் கேலி செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஆகவே அதே தொடரின் லெனார்ட் நிமோய் வந்தார்.

முடிவில்தான் இரண்டும் பிரிகின்றன. ஹில் தப்பிக்காமல் நிற்கிறான், மரியனுக்காக. பையன்கள் கர்ணகடூரமாக ஊதுகிறார்கள், பெற்றோர்களோ பூரித்துப்போகிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் தறிகெட்டு ஓடும் ரயிலை ஒரு ராட்சத டோனட் விளம்பரப் பலகைதான் நிறுத்துகிறது. லான்லி பணப்பெட்டியோடு விமானம் ஏறிவிடுகிறான். ஆனால் விமானம் நடுவழியில், அவன் முன்பு ஏமாற்றிய நார்த் ஹேவர்புரூக்கில் இறங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் அவன் இறங்கி வரும்வரை காத்திருக்கவில்லை, உள்ளேயே ஏறிவிட்டார்கள்.