தனியார் கோ-எட் பள்ளிய மாத்துனது நிர்வாகமா, நெருக்கடியா? நெருக்கடியே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அய்யாவுக்கும், நான் மைக்க புடிக்குறதுக்கு முன்னாடியே வாட்ச்ச பாக்க ஆரம்பிச்ச எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைங்க ஹோம்வொர்க்க பாதியில விட்டுட்டு வந்து உக்காந்திருக்குற தாய்மார்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டுல 2015ல இருந்து 2025 வரைக்கும், பையனும் பொண்ணும் சேந்து படிக்குற தனியார் பள்ளிங்க நிறைய மாறியிருக்கு, அதுல ரெண்டு அணிக்கும் சண்டை இல்ல. பள்ளி நிர்வாகம் தானா மாத்துச்சா, இல்ல உத்தரவு, கேஸ், பயம்னு வெளிய இருந்து வந்த நெருக்கடி மாத்த வச்சுச்சாங்குறதுதான் சண்டை. எனக்கு முன்னாடி பேசுன எதிரணி அண்ணன் ஒரு லிஸ்ட் வாசிச்சாரு. பஸ்ல கேமரா, ரேங்க் டென்ஷன் இல்ல, ஸ்மார்ட் போர்டு, ஏழை வீட்டுப் புள்ளையும் வந்து படிக்குது, புள்ளைங்களுக்கு பாதுகாப்பு கமிட்டி, எல்லாமே நிர்வாகத்தோட தொலைநோக்கு பார்வையாம். அண்ணே, நான் புதுசா ஒண்ணும் கொண்டு வரல, உங்க லிஸ்ட்டையே எடுத்துக்கறேன்.

பஸ்ஸ பாப்போம். இது அந்த பத்து வருஷத்துக்கு கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்ச கதை. 2012 ஜூலைல சென்னை பக்கத்துல ரெண்டாவது படிக்குற ஒரு குழந்தை ஸ்கூல் பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து செத்துப்போச்சு. ஐகோர்ட் தானா வந்து கேஸ் எடுத்துச்சு, அதுக்கப்புறம்தான் அதே வருஷம் ஸ்கூல் பஸ்ஸுக்குன்னே தனி விதி வந்துச்சு. மஞ்ச பெயின்ட், எமர்ஜென்சி கதவு, கூட ஒரு உதவியாளர், ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி மைதானத்துல வரிசையா நிறுத்தி ஆர்டிஓ ஆய்வு, எல்லாம் அதுக்குப் பிறகுதான். நீங்க பெருமையா சொன்னீங்களே கேமரா, அது 2022ல வந்துச்சு, ஏன்னா அந்த வருஷம் இன்னொரு பையன் ஸ்கூல் வண்டி மோதி இறந்தான், அரசு விதிய திருத்தி முன்னாடியும் பின்னாடியும் கேமரா கட்டாயம்னு சொல்லுச்சு. ஒரு உசுரு போனப்புறம் உத்தரவு வந்து மாட்டுன கேமராவுக்கு தொலைநோக்குன்னு பேர் வைக்காதீங்க அண்ணே, அந்த பெத்தவங்க எங்கயாவது உக்காந்து கேட்டுகிட்டு இருந்தா மனசு வலிக்கும்.

சரி, ரேங்க். இத கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா நம்ம ஊரு தனியார் பள்ளியோட வண்டியே இந்த பெட்ரோல்லதான் ஓடுச்சு. மே மாசம் ரிசல்ட் வந்தா போதும், ஊருக்குள்ள வர்ற ரோடு பூரா ஃப்ளெக்ஸ், 1200க்கு 1190ன்னு ஒரு புள்ள போட்டோ, பக்கத்துல அதவிட பெருசா கரஸ்பாண்டன்ட் போட்டோ. நாமக்கல் ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் வச்ச பள்ளிகளுக்கு மொத்த தமிழ்நாடும் புள்ளைங்கள கொண்டுபோய் விட்டுச்சு. அங்க என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ப்ளஸ் ஒன் பாடத்த தொடவே மாட்டாங்க, ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ புக்கையே திரும்ப திரும்ப, எந்த பாடத்துல எத்தன கேள்வி வரும்னு சொல்ற ப்ளூ பிரிண்ட் வச்சு, புக் பேக் கேள்வி மனப்பாடம். மெடிக்கல் சீட் அப்ப ப்ளஸ் டூ மார்க்லதான், பயாலஜி 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்கு கட்ஆஃப். அதனால பதினொண்ணாவதுன்னு ஒரு வகுப்பு இருக்குறதே அங்க அட்மிஷன் ஃபீஸ் வாங்கத்தான்.

இந்த ஓட்டத்த எந்த நிர்வாகமாவது நிறுத்துச்சா? 2017 மே மாசம் இனிமே மாநில ரேங்க் அறிவிக்க மாட்டோம்னு அரசு சொல்லுச்சு, நின்னுச்சு. அதே வருஷம் நீட் வந்து உக்காந்துச்சு, அதுல ப்ளஸ் ஒன் பாடமும் வருது, தொடாத புக்குல இருந்து கேள்வி வந்தா புள்ள என்னதான் பண்ணும்? 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம்னு கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் பல ஸ்கூல்ல பதினொண்ணாவது புக்கோட பைண்டிங்கே பிரிஞ்சுச்சு. 2019 ப்ளஸ் டூ பரீட்சைல 1200 மார்க் 600 ஆச்சு. நீட் நல்லதா கெட்டதாங்குறது வேற மேடை, அதுக்குள்ள நான் போகல. ஆனா அதே கரஸ்பாண்டன்ட், அதே ஃப்ளெக்ஸ்ல, இப்ப நீட் ஃபவுண்டேஷன் ஆறாம் வகுப்பு முதல்னு போட்டுட்டாரு. இப்ப 2025ல மாநில கல்விக் கொள்கை வந்து ப்ளஸ் ஒன் பப்ளிக் வேணாம்னு எடுத்துட்டாங்க. எதிரணி சொல்ற மாதிரி நிர்வாகம் திருந்தியிருந்தா, பரீட்சை இல்லாமலே ப்ளஸ் ஒன் பாடம் முழுசா நடக்கணும். நடக்கும்னு கைய தூக்கி சொல்ல எதிரணில யாராவது ரெடியா?

ஒருத்தரும் தூக்கல நடுவர் அய்யா, குறிச்சுக்கங்க.

ஸ்மார்ட் போர்டு, ஆன்லைன் க்ளாஸ் பத்தி ஒரு வரிதான். 2020 மார்ச்ல பள்ளிய பூட்டுனாங்க, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் புள்ளைங்க திரும்ப உள்ள வந்தது 2021 நவம்பர் 1. பாடம் நடத்தாம ஃபீஸ் கேக்க முடியாது, அதான் டீச்சரம்மாங்க சமையக்கட்டுல செல்போன சாத்தி வச்சு க்ளாஸ் எடுத்தாங்க. ஃபீஸ்லயும் 75 சதவீதம்தான் வாங்கணும், அதையும் ரெண்டு தவணையான்னு ஐகோர்ட் சொல்லுச்சு. அந்த நேரத்துல டீச்சருங்களுக்கு எத்தன இடத்துல பாதி சம்பளம், எத்தன இடத்துல அதுவும் இல்லன்னு இங்க கீழ உக்காந்திருக்குற டீச்சருங்க முகத்த பாத்தாலே தெரியும். சொந்தக்காரங்க பஸ் ஏறிட்டாங்கன்னு போன் வந்தப்புறம் வெளக்கமாத்த தேடுற வீடு மாதிரி, நம்ம நிர்வாகம் எப்பவும் நெருக்கடி வாசல்ல வந்து நின்னாத்தான் பெருக்கும்.

ஏழை வீட்டுப் புள்ள படிக்குதுன்னு சொன்னீங்க. அது கல்வி உரிமைச் சட்டம், 2009ல போட்டது, நுழைவு வகுப்புல 25 சதவீத இடம், எட்டாவது வரைக்கும் ஃபீஸ் அரசாங்கத்தோடது. நிர்வாகம் மனசு இரங்கி கொடுத்த சீட் இல்ல. 2025ல மத்திய அரசு பணம் வரலன்னு அந்த அட்மிஷன் அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு, அந்த அஞ்சு மாசத்துல, பணம் அப்புறம் வரட்டும், நம்ம தெரு புள்ளைதானே, வந்து உக்காரும்மான்னு எந்த பள்ளியாவது கூப்பிட்டதா எதிரணி அக்கா சொல்லட்டும். ஃபீஸ் பாக்கின்னு டிசில எழுதாதீங்கன்னு சொல்லக்கூட 2024ல ஐகோர்ட்தான் வர வேண்டியிருந்துச்சு.

பாதுகாப்பு கமிட்டி? 2021 மே மாசம் சென்னைல பழைய மாணவிகள் இன்ஸ்டாகிராம்ல எழுத ஆரம்பிச்சாங்க, வாத்தியார் இப்படி நடந்துகிட்டாருன்னு. ஒண்ணு ரெண்டாச்சு, பத்தாச்சு, வேற வேற ஸ்கூல் பேரும் வந்துச்சு. அதுக்கப்புறம் ஜூன்ல அரசு உத்தரவு, ஒவ்வொரு பள்ளியிலயும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வைக்கணும்னு. அந்த பொண்ணுங்க எழுதாம இருந்திருந்தா எந்த கமிட்டியும் வந்திருக்காது.

இப்ப என்னோட பெரிய சாட்சிக்கு வர்றேன். எதிரணி தொடவே இல்லாத விஷயம், தலைப்புலயே இருக்கு, கோ-எட். வெளிய போர்டுல இருபாலர் பள்ளி. உள்ள பையனுக்கு ஒரு படிக்கட்டு, பொண்ணுக்கு ஒரு படிக்கட்டு. எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல சண்ட போட்ட பசங்கள ஒம்போதாவது வந்ததும் ஏ செக்‌ஷன் பாய்ஸ், பி செக்‌ஷன் கேர்ள்ஸ். பஸ்ல லெஃப்ட் ரைட். லீவு போட்ட பையன் பக்கத்து செக்‌ஷன் பொண்ணுகிட்ட நோட்டு கேட்டா மறுநாள் அப்பாவ கூட்டிட்டு வா. பிடி பீரியட்ல பையனுங்க கிரவுண்ட்ல, பொண்ணுங்க மரத்தடில ரிவிஷன். எல்லா ஸ்கூலும் இப்படி இல்ல, ஒண்ணா உக்கார வச்சு நல்லா நடத்துற பள்ளிகளும் இருக்கு, நானே பாத்திருக்கேன். ஆனா பெரும்பாலான ஊர்கள்ல 2015லயும் இதேதான், 2025லயும் இதேதான். அந்த புள்ளைங்க பன்னெண்டு வருஷம் கோ-எட்ல படிச்சுட்டு காலேஜ் லேப்ல பக்கத்துல நிக்குற பொண்ணுகிட்ட அந்த டெஸ்ட் ட்யூப குடுங்கன்னு கேக்க வேர்த்துப்போய் நிக்குது.

ஏன் இது மட்டும் மாறல? இதுக்கு சர்க்குலர் வரல. கோர்ட்ல கேஸ் இல்ல. இன்ஸ்டாகிராம்ல யாரும் எழுதல. பெத்தவங்களும் கேக்கல, சொல்லப்போனா நாமளே போய் பிரிச்சு உக்கார வைங்க மேடம்னு கேட்டு வந்தவங்கதான். நெருக்கடி வந்த இடமெல்லாம் மாறியிருக்கு, நெருக்கடி வராத இடம் அப்படியே இருக்கு. இத்தனைக்கும் இத மாத்த பத்து பைசா செலவு கிடையாது அய்யா, ரெண்டு படிக்கட்டுலயும் எல்லாரும் ஏறலாம்னு அசெம்ப்ளில ஒரு வார்த்த சொன்னா போதும்.

நாலு மாடி கட்டுனது நிர்வாகம்தான், அத நான் மறுக்கல. அடுத்து பேச வர்ற எதிரணி அக்காகிட்ட நான் கேக்குறது, இந்த பத்து வருஷத்துல உத்தரவு வராம, கேஸ் போடாம, பக்கத்து ஸ்கூல்ல அட்மிஷன் ஏறுதேன்னு பயம் வராம, புள்ளைங்களுக்காகவே நம்ம ஊரு நிர்வாகம் தானா செஞ்ச ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்க. ஏசி க்ளாஸ்ரூம்னு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா, அதுக்கு தனி ஃபீஸ் வாங்குறாங்க. நடுவர் மணி மேல கைய வச்சுட்டாரு, நன்றி, வணக்கம்.