விழுங்கியது வேறு, சேர்ந்தது வேறு

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "உடல் எடை குறைய பைபாஸ் முறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு எட்டு மாதம் ஆகிறது. சத்து மாத்திரைகளை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காலையில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேநீரோடு விழுங்கிவிடுவேன். அப்படியும் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொள்ளலாமா?"

அம்மா, அளவைப் பிறகு பார்ப்போம். அந்தத் தேநீரை முதலில் கீழே வையுங்கள்.

நம் பழைய நேயர்களுக்கு நான் சொல்லும் வாசல் கதை தெரியும். இரும்பும் கால்சியமும் உடலுக்குள் நுழையும் பெரிய வாசல், இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல். பைபாஸில் உணவு அந்த வழியாகப் போவதே இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. மிச்சம் இருப்பது சின்னச் சின்ன வாசல்கள். அங்கே இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக அனுப்பினால் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். தோற்பது பெரும்பாலும் இரும்புதான். போதாததற்குத் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன்: விழுங்கியது வேறு, சேர்ந்தது வேறு.

இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்போடு வைட்டமின் சி சேர்ந்தால் நல்லது. கால்சியத்தை ஒரே வேளையில் கொட்டியும் பயனில்லை. ஒரு தடவைக்கு 500 முதல் 600 மில்லிகிராம் வரைதான் உடல் ஒழுங்காக ஏற்கும். நாளுக்கு 1200 முதல் 1500 வேண்டும் என்றால் இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்கத்தான் வேண்டும். கால்சியம் மாத்திரை கார்பனேட் வகையா, சிட்ரேட் வகையா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். அறுவையில் சின்னதாக்கிய உங்கள் இரைப்பையில் அது குறைவு. சிட்ரேட்டுக்கு அந்தக் கவலை இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் இரண்டையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மிட்டாய் போன்ற வைட்டமின்களை மாதக்கணக்கில் ஆசையாக மென்றுகொண்டிருந்தார். "சுவையாக இருக்கிறது, எதற்கு விடுவது?" என்பார். டப்பாவை வாங்கிப் படித்தேன். அதில் இரும்பு என்ற சொல்லே இல்லை! இவர் கதையில் சேர்வதற்கு முன்னால் விழுங்கியதே இல்லை.

வைட்டமின் பி12 கதை தனி. அது சேர இரைப்பை சுரக்கும் ஒரு துணைப் புரதம் வேண்டும். அறுவைக்குப் பிறகு அந்தப் புரதம் உணவோடு சரியாகக் கலப்பதில்லை. அதனால்தான் 1000 மைக்ரோகிராம் போன்ற பெரிய அளவு: அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் துணையில்லாமலே கசிந்து உள்ளே போய்விடும். அல்லது ஊசி. கல்லீரலில் பி12 இருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்குவதால் குறை தாமதமாகத்தான் தெரியும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உண்மையைச் சொன்னால், நீங்கள் வேறொன்றைக் கேட்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. "சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, சில நாளாக வாந்தி, என்ன செய்வது?" இதை யாரும் கேட்பதில்லை, பொறுத்துக்கொள்கிறார்கள். வாந்தி தொடர்ந்தால் வைட்டமின் பி1 என்கிற தயமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பம் என்று வந்தால் அந்தக் குறை மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எடைக் குறைப்பு அறுவை செய்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் கெடலாம். வாந்தி என்றால் மாத்திரையும் வெளியே வருகிறது. விழுங்கியது வேறு, சேர்ந்தது வேறு!

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். இரும்பின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். மலச்சிக்கல் வரும், அளவு மீறினால் இரும்பும் நஞ்சுதான். உடலின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையின் அளவை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையை எதோடு, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தேநீரையும் மறைக்காமல் எழுதுங்கள். நேரத்தை மாற்றியும் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு கொடுப்பதைப் பற்றி அவரே முடிவு செய்வார். அடுத்த கேள்விக்குப் போகலாமா?