துருவிய சீஸ் ஒரு கப்: எத்தனை கிராம்?

நேயர்களுக்கு வணக்கம்.

சமையல் குறிப்பில் 'துருவிய சீஸ் ஒரு கப்' என்று இருக்கும். கடையிலோ சீஸை கிராம் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்பதைத் தீர்மானிப்பது, பெரும்பாலும் உங்கள் துருவிதான்.

240 மில்லி கப்பில் செடார் சீஸை இடைவெளியே இல்லாமல் அடைத்தால் ஏறத்தாழ 250 கிராம் பிடிக்கும். அதையே பெரிய துளையில் துருவி, உதிரியாகப் போட்டுத் தலைதட்டினால் 113 கிராம்தான். பாதிக்குமேல் காற்று! மொசரெல்லாவுக்கும் இதே 113 என்று வைத்துக்கொள்ளலாம். பார்மசானைச் சிறு துளையில் மணல் மாதிரித் துருவினால் கப்புக்குச் சுமார் 100 கிராம். ஆனால் எலுமிச்சைத் தோல் சீவுகிற மெல்லிய துருவியில் இழைத்தால் அது பஞ்சாகப் பூத்துவிடும். கப்புக்கு 40 கிராம் தேறினாலே அதிகம். கப் நிறைந்திருக்கும், ஆனால் பெஸ்டோவில் (துளசி வகை இலையும் சீஸும் சேர்த்து அரைக்கும் இத்தாலியச் சட்னி) உப்பும் இல்லை, மணமும் இல்லை என்றால் காரணம் இதுதான்.

எதிர்த்தவறும் உண்டு. கரண்டியால் அமுக்கி அமுக்கி அளந்தால் அதே கப்பில் செடார் 150 கிராம்கூடப் போகும். இரண்டு கப் கேட்கிற மக்ரோனி சாஸில் 70 கிராமுக்குமேல் கூடிவிடும். சாஸ் கெட்டிப்பட்டு, கொதிக்கவும் விட்டால் திரிதிரியாகி எண்ணெய் மேலே மிதக்கும். சாஸை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் நல்லது.

அடுத்தது அவுன்ஸ் குழப்பம். அமெரிக்கக் குறிப்புகளில் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஒரு கப் என்பது 8 அவுன்ஸ் என்று படித்திருப்போம். அது பால், தண்ணீருக்கான திரவ அவுன்ஸ். சீஸுக்கு 8 அவுன்ஸ் என்று எழுதினால் அது எடை: 227 கிராம், அதாவது பெரிய துளையில் துருவியது இரண்டு கப். ஒரே கப் என்று எடுத்தால் பாதி சீஸ் போச்சு. கப்பின் அளவு நாட்டுக்கு நாடு மாறுவதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அமெரிக்கக் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. துருவி செய்கிற வித்தியாசத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஜப்பானியக் கப் 200 மில்லி. அதற்கு மட்டும் கணக்குப் போடுங்கள்.

சரி, எப்படி எடைபோடுவது? துருவுவதற்கு முன்பே கட்டியைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டிய அளவு துருவியதாகத் தோன்றியதும் மீதியை நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் கட்டியில் 87 மிஞ்சினால் 113 துருவியாயிற்று. இந்த வழியில் துருவிப் பல்லில் ஒட்டியதும் கணக்கில் சேர்ந்துவிடும். கடைசியில் அதைத் தட்டிப் பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். மொசரெல்லா கைச்சூட்டில் குழைந்து உருண்டையானால் அளவே நிற்காது. துருவுமுன் 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

தராசு இல்லையா? 25 கிராம் க்யூப் கிடைக்கிறதே, அதுவே படிக்கல். நாலரை க்யூப் ஒரு கப், இரண்டேகால் க்யூப் அரைக் கப். பதப்படுத்திய சீஸ் செடார் மாதிரி மணக்காது, அது வேறு விஷயம்; அளவு சரியாக வரும். மேலே தூவ ஒரு மேசைக்கரண்டி என்றால் 7 கிராம். அதற்குப் போய்த் தராசைத் தேட வேண்டாம், சாதாரண சமையலறைத் தராசு அவ்வளவு சின்ன எடையைச் சரியாகக் காட்டவும் காட்டாது.

பாக்கெட்டில் துருவியே வருகிற சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள். எடை ஏறக்குறைய அதேதான். ஆனால் சாஸில் போட்டால் வழவழப்பாக உருகாது. பீட்சாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.