அனடேஸ் எப்போது ரூட்டைல் ஆகிறது?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலை வேதியியலும் இயற்பியலும் படித்து, ஆய்வுத் திட்டத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட மாணவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். மற்றவர்களுக்கும் இது தொலைவான பொருள் அல்ல. உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பது இதுதான். இதற்கான தாதுக்களான இல்மனைட்டும் ரூட்டைலும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கலந்து கிடக்கின்றன.

வாய்பாடு ஒன்றுதான், இயற்கையில் படிக வடிவம் மூன்று. அனடேஸ், ரூட்டைல், புரூக்கைட். முதல் இரண்டைப் பற்றி மட்டும் பேசுவோம். புற ஊதா ஒளி பட்டால் அனடேஸ் பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருளைச் சிதைக்கும். வெளிச்சுவர்ப் பெயின்ட்டில் அனடேஸைச் சேர்த்தால், மதுரை வெயிலில் பெயின்ட்டின் பிசின் சிதைந்து, சுவரைத் தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். அதனால் வெளிச்சுவருக்கு ரூட்டைல்தான். சுங்குடிச் சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை ஒளியால் நீக்க வேண்டுமென்றால், அதே சிதைக்கும் குணம் நமக்குத் தேவைப்படுகிறது. அங்கே அனடேஸ் வேண்டும், அல்லது அனடேஸோடு கொஞ்சம் ரூட்டைல் கலந்த பொடி வேண்டும். சூடுபடுத்தும்போது எது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அனடேஸைச் சூடாக்கினால் ரூட்டைல் ஆகும். திரும்ப வராது. இதற்கு நீர் கொதிப்பதைப் போல ஒரு நிலையான வெப்பநிலை கிடையாது. தூய பொடி காற்றில் பெரும்பாலும் 600 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள் மாறத் தொடங்கும். துகளின் அளவு, தயாரித்த முறை, உலைக்குள் இருக்கும் வாயு, கலந்திருக்கும் மாசு ஆகியவற்றைப் பொறுத்து 400-க்கும் 1200-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். இரண்டு வடிவத்திலும் டைட்டானியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் எண்முகியாக நிற்கின்றன. அனடேஸில் ஒவ்வோர் எண்முகியும் நான்கு விளிம்புகளை அண்டை எண்முகிகளோடு பகிர்கிறது. ரூட்டைலில் இரண்டை மட்டும். அப்படியானால் பிணைப்புகள் முறிந்து புதிதாகக் கட்டப்பட வேண்டும். அடர்த்தியும் 3.9-லிருந்து 4.2-க்கு ஏறுகிறது, அதாவது கனஅளவு சுருங்குகிறது.

இந்த அணுக்கள் நகர இடம் எங்கே? ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் சில இடங்களில் காலியாக இருக்கும். பெரியார் நிலையத்திலிருந்து கிளம்பும் நெரிசலான பேருந்தில் ஓர் இருக்கை காலியானால் நாலு பேர் நகர்ந்து உட்கார வழி பிறக்கும் அல்லவா, அதுபோல ஆக்சிஜன் காலியிடம் கூடக்கூட மாற்றம் எளிதாகிறது. 1965-இல் ஷானனும் பாஸ்க்கும் இந்த மாற்றத்தின் வேகத்தை ஆராய்ந்து, காலியிடங்களைக் கூட்டும் மாசு மாற்றத்தை விரைவுபடுத்தும், குறைக்கும் மாசு தாமதப்படுத்தும் என்று விளக்கினார்கள்.

இரும்பையும் நையோபியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நான்கு நேர்மின்சுமையுள்ள டைட்டானியம் அயனியின் ஆரம் 60.5 பிக்கோமீட்டர். மூன்று மின்சுமையுள்ள இரும்புக்கு 64.5, ஐந்து மின்சுமையுள்ள நையோபியத்துக்கு 64. அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இரும்பில் மின்சுமை ஒன்று குறைவு. இரண்டு இரும்பு அயனிகள் டைட்டானியத்தின் இடத்தில் அமர்ந்தால், மின்சுமையைச் சமன்செய்ய ஓர் ஆக்சிஜன் வெளியேறும். காலியிடம் உருவாகும்; ரூட்டைல் முன்னதாகவே வரும். நையோபியத்தில் மின்சுமை ஒன்று கூடுதல். காலியிடங்கள் குறையும், அனடேஸ் நிலைத்து நிற்கும். மாங்கனீசு, தாமிரம், கோபால்ட் ஆகியவை பொதுவாக இரும்பின் பக்கம்.

மின்சுமையை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா? முடியாது. லாந்தனமும் மூன்று மின்சுமைதான், ஆனால் அது மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. அதன் ஆரம் 103 பிக்கோமீட்டர். டைட்டானியத்தின் இடத்தில் அடங்காது. துகளின் மேற்பரப்பிலும் எல்லையிலும் தங்கி, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருப்பதைத் தடுக்கிறது. மிகச் சிறிய துகளில், ஏறக்குறைய 14 நானோமீட்டருக்குக் கீழே, அனடேஸ்தான் நிலையான வடிவம். துகள் சிறியதாகவே இருந்தால் ரூட்டைல் பிறக்கவும் தாமதமாகும். சிலிக்காவும் சிர்கோனியமும் தாமதப்படுத்துபவைதான். சூட்டில் சுடும் ஓடு, கண்ணாடி மேல் அனடேஸ் பூச்சு வேண்டுவோருக்கு இவை உதவும்.

அலுமினியம் இன்னும் பாடம் சொல்லும். பெயின்ட் நிறமி ஆலையில் குளோரைடு முறையில், வாயு நிலையில் அலுமினியம் குளோரைடைச் சேர்ப்பது ரூட்டைலை வரவழைக்கவே. சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலை ஜெல்லாக்கி உலர்த்திச் சுடும் முறையில், சேர்த்த அதே அலுமினியம் பல வேளைகளில் அனடேஸைக் காக்கிறது. ஆகவே உலோகத்தின் பெயரைப் பார்த்து முடிவை எழுதிவிடாதீர்கள். அது எந்த வழியில், எந்த இடத்தில் போய் அமர்ந்தது என்பதே விடை.

இனி, இரும்பு சேர்த்த பொடியைச் சோல்-ஜெல் வழியில் செய்யும் செய்முறை. டைட்டானியம் ஐசோபுரப்பாக்சைடு 14.8 மில்லிலிட்டர், அதாவது 0.05 மோல், நீரற்ற எத்தனால் 50 மில்லிலிட்டரில். அதில் அசிட்டைல் அசிட்டோன் 2.5 மில்லிலிட்டர். கரைசல் மஞ்சளாகும், அந்த மஞ்சள் இரும்பால் வருவதல்ல. இன்னொரு பீக்கரில் 50 மில்லிலிட்டர் எத்தனால், 3.6 மில்லிலிட்டர் நீர், சில துளி நைட்ரிக் அமிலம். அமிலத்தை முதலில் நீரில் கலந்துகொள்ளுங்கள். அடர் அமிலத்தை நேரடியாக எத்தனாலில் ஊற்றுவது ஆபத்து, கலந்ததை மூடிவைப்பதும் ஆபத்து. ஒரு மோல் சதவீத இரும்புக்கு, ஒன்பது நீர் மூலக்கூறுள்ள ஃபெரிக் நைட்ரேட் 0.20 கிராம் போதும். அதையும் இதிலேயே கரையுங்கள். இந்தக் கரைசலைப் பியூரெட்டிலிருந்து முதல் கரைசலில் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே, ஒரு மணி நேரம் விடுங்கள். ஜெல் ஆன பிறகு 100 டிகிரியில் நன்றாக உலர்த்தி, அகேட் கல்வத்தில் அரையுங்கள். சுட்டால் ஏறக்குறைய 4 கிராம் ஆக்சைடு கிடைக்கும். ஐந்து பங்காக்கி 400, 500, 600, 700, 800 டிகிரியில், நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, இரண்டு மணி நேரம் வையுங்கள்.

ஐப்பசி மழைக் காலத்தில் ஐசோபுரப்பாக்சைடு புட்டியைத் திறந்து வைத்தாலே காற்றின் ஈரம் பட்டு வெள்ளைத் திப்பிகள் விழும். அதில் இரும்பு சீராகச் சேராது. அந்தத் தொகுதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். மூசையில் பொடியைக் குவித்து வைத்தால் அடியில் கரிமம் எரியக் காற்று போதாது. கரி மிஞ்சிப் பொடி சாம்பல் நிறமாகும். அங்கே ஆக்சிஜன் குறைந்த சூழல் உருவாகி, காலியிடங்கள் தாமாகவே கூடிவிடும். அந்த விளைவை இரும்பின் கணக்கில் எழுதிவிடுவோம். பரப்பி, மெல்லிய அடுக்காக வையுங்கள். நடுவில் மின்சாரம் போய்விட்டால் அந்த மாதிரி பயன்படாது.

எல்லாவற்றிலும் முக்கியம், இரும்பு சேர்க்காத ஒரு மாதிரியை அதே அமிலம், அதே நீர், அதே உலையில் அதே இடம் என்று கூடவே செய்வது. இரும்பு குளோரைடைப் பயன்படுத்தினால் குளோரைடும் மாற்றத்தைப் பாதிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒப்பீட்டு மாதிரி இல்லாத ஆய்வறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

அளப்பது எக்ஸ்ஆர்டியில், அதாவது படிகத்தில் எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களைப் பதிவு செய்யும் முறையில். தாமிரக் கதிருக்கு அனடேஸின் முதன்மை முகடு 25.3 டிகிரியில், ரூட்டைலின் முகடு 27.4-இல். இரண்டு முகடுகளும் சம உயரமாக இருந்தால் பாதிக்குப் பாதி என்று எழுதுகிறார்கள், தவறு. 1957-இல் ஸ்பர், மையர்ஸ் தந்த வாய்பாட்டில் ரூட்டைல் முகட்டை அனடேஸ் முகட்டால் வகுத்து 1.26-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதன் தலைகீழை எடுத்தால் அனடேஸின் பங்கு வரும். சம முகடுகளுக்கு அனடேஸ் 44 சதவீதம், ரூட்டைல் 56.

ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் முகடு தெரியவில்லை, ஆகவே இரும்பு முழுவதும் படிகத்துக்குள் போய்விட்டது என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு சதவீத இரும்பு தனியாகப் பிரிந்து நுண்துகளாகக் கிடந்தாலும் எக்ஸ்ஆர்டிக்குத் தென்படாது. முகடுகளின் இடத்தைத் துல்லியமாக அளந்து, அனடேஸ் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகான அலகுக்கூட்டின் நீளங்கள் தூய மாதிரியின் 3.785, 9.514 ஆங்ஸ்ட்ராமிலிருந்து நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரும்பின் அளவை 5, 10 சதவீதம் என்று ஏற்றி உயர்வெப்பத்தில் சுட்டால், பிரிந்து நின்ற இரும்பு ஹேமடைட்டாகவோ இரும்பு டைட்டனேட்டாகவோ முகடு காட்டும். சிதறும் லேசர் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலையில், சென்டிமீட்டருக்கு 144 என்ற அலைஎண்ணில் வரும் அனடேஸின் வலுவான கோடு, எக்ஸ்ஆர்டியில் அனடேஸ் மறைந்த பிறகும் சிறிது நேரம் தெரியும். மாற்றம் முழுமையானதா என்று அறிய அதையும் எடுத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.