வாரம் 15 மணி நேரத்தில் கேட் தேர்வு: ஷிப்ட் வேலைக்காரர்களுக்கான கணக்கு

வணக்கம். நான்கு விடைகளில் எது சரி என்று உங்களுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் அது இலாபமா, நட்டமா? பொறியியல் மேற்படிப்பில் சேர எழுதுகிற கேட் (GATE) தேர்வில் இந்தக் கேள்விக்குத் துல்லியமான ஒரு விடை இருக்கிறது. அந்த விடை தெரியாததால் நான் முதல் முறை எழுதியபோது கைக்கு எட்டிய மதிப்பெண்களை விட்டுவிட்டு வந்தேன். அதைச் சற்று நேரத்தில் தாளில் போட்டே காட்டுகிறேன். அதற்கு முன், இந்த வீடியோ யாருக்கானது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கோழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், தொழிற்சாலையில் இரண்டோடு இந்தியும் என்று பேசி வளர்ந்த ஊர்க்காரன். கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை பார்த்துக்கொண்டே இரண்டு முறை மெக்கானிக்கல் பாடத்தில் கேட் எழுதினேன். எங்கள் பேருந்து கோழிப்பாறை வழியாகப் போகும். 2015-இல் பாலக்காடு ஐ.ஐ.டி. தற்காலிக வளாகத்தில் தொடங்கப்பட்டது அங்கேதான்; அதன் நிரந்தர வளாகமோ நாங்கள் வேலை செய்யும் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது. நாள்தோறும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே ஷிப்டுக்குப் போகிற, பட்டமோ அதற்கு இணையான தகுதியோ பெற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்காகவே இதைப் பேசுகிறேன்.

தேர்வின் அமைப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.களும் முறைவைத்து இதை நடத்துகின்றன. பெரும்பாலும் பிப்ரவரி மாதத்துச் சனி, ஞாயிறுகளில் நடக்கும். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். முடிவு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அந்த மதிப்பெண் செல்லும். வேலையை உடனே விட முடியாத குடும்பச் சூழல் உள்ளவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரக் கணக்கு. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஷிப்டுக்கு 48, போக வர 12, உறக்கத்திற்கு 49, குளியல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு 21 என்று கழித்தால் 38 மணி நேரம் மீதி இருப்பதாகத் தாள் சொல்லும். அந்த 38-ஐ நம்பி அட்டவணை போட்டவர்கள் எல்லோரும் இரண்டாவது வாரத்திலேயே அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும், உறவில் ஒரு கலியாணம் வரும், இரவு ஷிப்ட் முடிந்த பகலில் தலையே நிமிராது. உண்மையில் கையில் நிற்பது 15 மணி நேரம். ஆகஸ்டில் தொடங்கி சனவரி முடிய 26 வாரங்கள் என்று கொண்டால் மொத்தம் 390 மணி நேரம். வேலைக்குப் போகாமல் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் வாரத்தில் ஆறு நாள் படிக்கிறவருக்கு அதே காலத்தில் 1,248 மணி நேரம் கிடைக்கிறது. நம்மிடம் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அவர் படிக்கிற முறையில் நாம் படித்தால் தோற்போம். இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஆண்டு நான் செய்தது அதைத்தான்.

நண்பர் ஒருவர் பயிற்சி மையத்திலிருந்து வாங்கி வந்த கனமான குறிப்பேடுகளை நகலெடுத்து, இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்கு வீடு வந்த பிறகு, மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருந்தது. தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தபோது அந்தப் பக்கத்தின் மஞ்சள் கோடு கண்ணில் நின்றது, சூத்திரம் நிற்கவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு சோதனை விடை சொல்கிறது. இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு முறை படித்தவர்கள் 83 விழுக்காடு சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடுதான். இங்கேயே நிறுத்தினால் வாசிப்பவரே கெட்டிக்காரர். ஆனால் இதே முறைகளில் படித்த வேறு மாணவர்களிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கணக்கு தலைகீழானது. நான்கு முறை படித்தவர்களிடம் மிஞ்சியது 40 விழுக்காடு. ஒரு முறை படித்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு.

இந்த எண்களைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. புத்தகம் கையில் இல்லாத நேரமெல்லாம் வீணான நேரம் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் படிப்பின் பெரும்பகுதி என்றால், அதற்குப் புத்தகமும் வேண்டாம், மேசையும் வேண்டாம், மின்விளக்கும் வேண்டாம். பேருந்தில் நின்றுகொண்டே செய்யலாம். மேலே நாம் கழித்துவிட்ட அந்த 12 மணி நேரப் பயணத்தில் பாதியாவது நமக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இரண்டாம் ஆண்டு நான் செய்தது இதுதான். சட்டைப்பையில் அடங்குகிற அளவில் தாளை நறுக்கி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதினேன். இதோ, திரையில் நீங்கள் பார்ப்பது அந்தச் சீட்டுகளில் ஒன்று. ஓரத்தில் கிரீஸ் கறை இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில், ‘பெர்னூலி சமன்பாட்டை எப்போது பயன்படுத்தலாம்?’ என்று இருக்கிறது. பின்பக்கத்தில் நான்கே சொற்றொடர்கள்: ஓட்டம் காலத்தால் மாறக்கூடாது, அடர்த்தி மாறக்கூடாது, உராய்வு இழப்பு இருக்கக்கூடாது, ஒரே ஓட்டக்கோட்டின் மேல் இருக்கவேண்டும். காலையில் பேருந்து ஏறும்போது நான்கு சீட்டுகளை எடுப்பேன். விடையைத் தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்த பிறகுதான் திருப்புவேன். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, சொற்களை ஆங்கிலத்திலும் அறிந்துதான் இருக்கவேண்டும். ஆனால் ஒரு கருத்தை அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வராவிட்டால், அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

வேலை பார்ப்பவருக்கு மட்டுமே வாய்க்கிற ஒரு வசதியையும் இங்கே சொல்லவேண்டும். கேவிட்டேஷன் என்ற பாடம் புத்தகத்தில் அரைப்பக்கம் வரும். எங்கள் ஆலையில் குளிரூட்டும் நீரை இழுக்கிற பம்பு ஒருநாள் சரளைக்கல்லை அரைப்பது போலச் சத்தமிட்டது. உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் குப்பை அடைத்திருந்தது. மூத்த ஃபிட்டர் அண்ணன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ‘தண்ணி கிடைக்காம அழுவுது’ என்றார். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் நீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால், சூடு இல்லாமலேயே நீர் கொதித்துக் குமிழிகள் தோன்றும். அவை அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் உடைந்து, பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் உலோகத்தைக் கொத்திக் கொத்திக் குழியாக்கும். கழற்றிப் பார்த்தபோது இம்பெல்லர் அம்மை வடு விழுந்த முகம் போல இருந்தது. அந்தப் பாடத்தை நான் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை. உங்கள் ஆலையிலும் கொதிகலன், கம்பிரஸர், தாங்கி, பற்சக்கரம் என்று பாடநூலின் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. ஷிப்டில் இருக்கும் அந்த எட்டு மணி நேரமும் பாடத்துக்கு வெளியே இருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

எதைப் படிப்பது என்பதில் என் கருத்து உறுதியானது. பொதுத்திறன் பகுதிக்கு 15 மதிப்பெண், மெக்கானிக்கல் உள்ளிட்ட முதன்மைப் பொறியியல் தாள்களில் கணிதத்துக்கு ஏறத்தாழ 13 மதிப்பெண். இரண்டும் சேர்ந்து 28. பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 25-க்குக் கீழே இறங்காது என்பது விதி, சில ஆண்டுகளில் அதற்கு மேலும் ஏறும். தகுதி பெறுவது வேறு, நல்ல இடத்தில் சேர்வது வேறு என்பதையும் அறிவேன். ஆனாலும் முதல் எட்டு வாரத்தைக் கணிதத்துக்கும் பொதுத்திறனுக்கும் கொடுங்கள். இவை களைத்த மூளையோடும் செய்யக்கூடியவை, ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாதவை. பிறகு உங்களுக்கு இயல்பாக வருகிற நான்கு ஐந்து பாடங்களை மட்டும் எடுத்து முழுமையாக முடியுங்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற ஆசையை 390 மணி நேரம் தாங்காது. விளங்காத இடங்களுக்கு என்.பி.டெல். (NPTEL) இணையத்தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகவே இருக்கின்றன.

இப்போது தொடக்கத்தில் சொன்ன கணக்கு. ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக்கு, தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அப்படிப்பட்ட 12 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக 3 சரியாகி 3 மதிப்பெண் வரும். 9 தவறாகி 3 மதிப்பெண் போகும். மிச்சம் சுழியம். இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு விடையை ‘இது நிச்சயமாக இல்லை’ என்று நீக்க முடிந்தால், 4 சரி, 8 தவறு. ஒன்றேகால் மதிப்பெண்ணுக்குச் சற்று மேல் மிஞ்சும். இரண்டை நீக்க முடிந்தாலோ 6 சரி, 6 தவறு. முழுதாக 4 மதிப்பெண் கையில் நிற்கும். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் எல்லாமே இரட்டிப்பாகும். நெகட்டிவ் மதிப்பெண்ணுக்கு அஞ்சி, இரண்டு விடைகளை நீக்கிய பிறகும் ஒன்பது கேள்விகளை முதல் முறை நான் தொடாமல் விட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள வகையிலும், எண்ணைத் தட்டச்சு செய்யும் வகையிலும் கழிப்பதே கிடையாது. அவற்றில் எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

கால்குலேட்டர் பற்றி ஒரு வார்த்தை. கையில் கொண்டுபோக அனுமதி இல்லை. திரையிலேயே ஒன்று வரும், அதை மவுஸால்தான் அழுத்தவேண்டும். டிசம்பர் முதல் ஞாயிறுதோறும் ஒரு மாதிரித் தேர்வை அந்தக் கால்குலேட்டரை வைத்தே எழுதிப் பழகுங்கள்.

கடைசியாக, விடுப்பு. முதல் முறை தேர்வு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இருந்தது. முந்தின நாள் ஆள் குறைவு என்று சொல்லி என்னை இரவு ஷிப்டில் நிறுத்தினார்கள். காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, முகம் கழுவி, பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டே தேர்வுக்கூடம் போனேன். அந்த வலி இன்னொருவருக்கு வரக்கூடாது. இரண்டாம் முறை அனுமதிச்சீட்டு வந்த அன்றே அதன் நகலோடு விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கினேன். தேர்வு நாளுக்கு மட்டும் கேட்காமல் முந்தின இரண்டு நாளையும் சேர்த்தே கேட்டேன், ஏனென்றால் இரவு ஷிப்டுக்குப் பழகிய உடம்பு ஒரே நாளில் காலைக்குத் திரும்பாது. என் ஷிப்டை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்ட சேட்டனுக்கு, அவர் மகளின் பள்ளி விழாவன்று நான் அவர் ஷிப்டைப் பார்த்துக்கொடுத்தேன்.

வேலந்தாவளம், வண்ணாமடை, வாளையாறு, எட்டிமடை என்று எல்லையின் இரு பக்கமும் இருந்து பார்க்கிறவர்கள், எந்த ஷிப்டில் இருக்கிறீர்கள், எந்தத் தாளை எழுதப்போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மெக்கானிக்கல் எழுதுகிறவர்களுக்கு என்னிடமுள்ள சீட்டுகளைப் படமெடுத்துத் தருகிறேன், கறையோடுதான்.